கால் நீட்ட ஒரு திசை

காலை ஒன்பதரைக்கு வெண்மதி ஜவுளி மாளிகையின் ஷட்டர் ஏறியதும், வேட்டிப் பிரிவு நந்தகோபால் இரண்டு ஊதுபத்திகளைக் கொளுத்துவார். மற்ற பிரிவுகளுக்கெல்லாம் ஒன்றுதான். சேலைக்கு ஒன்று, சுடிதாருக்கு ஒன்று, உள்ளாடைப் பிரிவுக்கு அதுவும் கிடையாது. வேட்டிக்கு மட்டும் காலையில் இரண்டு, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் கூட்டம் ஏறும்போது மூன்று. கோவில்பட்டிக்கு ஜவுளி எடுக்க வருகிறவர்கள், "பக்தியான மனுசன்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். முதலாளி சங்கிலிப்பாண்டியும் அப்படித்தான் நினைத்திருந்தார். கடவுளும்கூட ஆரம்பத்தில் அப்படி நினைத்திருக்கலாம்.

உண்மையில் அந்த ஊதுபத்திகள் எந்தச் சாமிக்கும் அல்ல. நந்தகோபாலின் இடது காலுக்கு.

இடது கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கமாக, ஒரு புண். பாதி எலுமிச்சம்பழ அளவு. வயது மூன்று. சுற்றிலும் தோல் கறுத்து, தடித்து, பழைய தோல் செருப்பு போல இறுகிக் கிடந்தது. காலையில் சாதுவாக இருக்கும் கால் மத்தியானத்துக்கு மேல் கனக்கத் தொடங்கும். சாயங்காலம் வீங்கி, புண்ணிலிருந்து நீர் கசியும். கசிந்த நீருக்கு வாடை உண்டு. வாடைக்கு ஊதுபத்தி உண்டு. விற்காத வேட்டியில் நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து மூன்று சுற்றுச் சுற்றி, மேலே கடைச் சீருடையான மெரூன் நிறப் பேண்டை இறக்கிவிட்டால் ஒரு குறையும் வெளியே தெரியாது. மெரூன் கறை காட்டாத நிறம். அதைத் தேர்ந்தெடுத்த புண்ணியவானுக்கு நந்தகோபால் தினமும் மனத்துக்குள் நன்றி சொன்னார்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அதில் இருபத்தேழு வருடங்களை அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே கழித்திருந்தார். 'நின்றபடியே' என்பது இங்கே அலங்காரத்துக்குச் சொல்வதல்ல. வெண்மதியில் விற்பனையாளர் யாரும் உட்காரக் கூடாது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்த வருடம் முதலாளி மறுக்காமல் எட்டு ஸ்டூல்கள் வாங்கிப் போட்டார். அவற்றின் மேல் வேட்டிப் பெட்டிகளை அடுக்கினார்கள். பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. ஆட்கள் நின்றார்கள்.

"கஸ்டமர் நிக்காரு, நாம உக்காந்திருக்கோம்னா அது கடையாலே? அது கோர்ட்டு" என்பது சங்கிலிப்பாண்டியின் கொள்கை. அவர் கெட்டவர் அல்ல. தீபாவளிக்கு எல்லாருக்கும் கையால் இனிப்பு கொடுப்பார். நின்றுகொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன்பு வேட்டிக் கவுண்டரில் நந்தகோபாலோடு ரத்தினம் என்று ஒருவர் நின்றார். முழங்கால் வலி என்று முதலாளியிடம் சொல்லி, ஒரு மாதம் உட்கார அனுமதி கேட்டார். மறுவாரம் அவரைக் குடோனுக்கு மாற்றினார்கள். குடோன் இரண்டாவது மாடியில். வேலை, பேல் எனும் துணிப்பொதி தூக்குவது. முழங்கால் வலிக்காரருக்கு மாடி ஏறிப் பேல் தூக்கும் வைத்தியம் மூன்று மாதம் தாங்கியது. அதற்குப் பிறகு ரத்தினம் வேலைக்கு வரவில்லை. இதைக் கண்ணால் பார்த்தவர் நந்தகோபால். ஆகவே புண் என்ற ஒன்று தன் உடம்பில் இல்லை என்று முடிவு செய்திருந்தார். கால் அந்த முடிவுக்குக் கட்டுப்படவில்லை என்பதுதான் சிக்கல்.

கடையில் விஷயம் அரைகுறையாகத் தெரிந்த ஒரே ஆள், பக்கத்துச் சட்டைப் பிரிவின் இசக்கிமுருகன். முப்பத்தெட்டு வயது. உலகத்தில் அவனுக்குத் தெரியாதது குறைவு. மூன்று வருடத்துக்கு முன்னால் நந்தகோபால் குனிந்து காலைச் சொறிவதை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு, பேண்டை விலக்கக்கூடச் சொல்லாமல் தீர்ப்புக் கொடுத்தான்.

"அண்ணாச்சி, இது சக்கரைப் புண்ணு. எங்க சித்தப்பாவுக்கு இதே மாதிரிதான். இனிப்பைத் தொட்டுராதிய."

அன்று முதல் நந்தகோபால் இனிப்பைத் தொடவில்லை. காப்பி கசந்தது. சொந்தக்காரர்கள் கடம்பூர் போளி வாங்கி வந்தால், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தின்னும் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் அறிமுகமான ஒருவர் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னார். முடிவெட்டுகிறவர் காற்றாட விடச் சொன்னார். விளாத்திகுளத்துச் சொந்தம் ஒன்று கரிசல் மண்ணைக் குழைத்து அப்பச் சொன்னது. நான்கு வைத்தியர்களில் ஒருவரும் புண்ணைப் பார்த்ததில்லை. நந்தகோபால் யார் மனமும் கோணாதபடி எல்லாவற்றையும் முறைவைத்துச் செய்தார். கரிசல் மண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். ஜவுளிக்கடைக்காரருக்கு மறுநாள் காலையில் தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துணி ஊற வைக்கப்போன அவர் மனைவி செல்வலட்சுமி, வாளிக்கு அடியில் சுருட்டி ஒளித்திருந்த புத்தம்புது எட்டு முழ வேட்டி ஒன்றை இழுத்து எடுத்தாள். விளிம்பில் மஞ்சளாக ஒரு கறை.

"என்னங்க, இந்த மாசத்துல இது மூணாவது வேட்டி. கடைக்கு வேட்டி விக்கப் போறியளா, வாங்கப் போறியளா?"

"டேமேஜ் பீஸு. சும்மா கிடந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்."

"டேமேஜ் வேட்டியிலயா, கால்லயா?"

புண் இருப்பது அவளுக்குத் தெரியும். ஆனால் "ஆறிக்கிட்டு வருது" என்ற வாசகத்தை அவர் ஒன்றரை வருடமாகத் தினசரிச் செய்தி போல வாசித்துவந்ததால் அவள் பார்க்கவில்லை. இப்போது அவரை நாற்காலியில் உட்கார வைத்து, பேண்டைத் தூக்கி, சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்தாள். கோபம் தலைக்கேறினால் செல்வலட்சுமிக்குத் தமிழ் நின்று தெலுங்கு வந்துவிடும். அடுத்த ஐந்து நிமிடம் தெலுங்கில் நடந்தது. அதை இங்கே மொழிபெயர்த்தால் பல குடும்பங்களில் இந்தக் கதையைச் சத்தமாக வாசிக்க முடியாமல் போகும்.

அன்றைக்கே ஆஸ்பத்திரி. முதலில் இரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்துவிட்டு இளவயது டாக்டரம்மா சொன்னார்:

"சுகர் இல்ல. நார்மல்."

"நல்லாப் பாருங்க டாக்டர். மூணு வருசமா இருக்கு."

"இதுக்கு முன்னால எங்க டெஸ்ட் பண்ணுனீங்க?"

"டெஸ்ட் எல்லாம் பண்ணல. இசக்கிமுருகன் சொன்னான்."

"அவர் எந்த ஆஸ்பத்திரி?"

"சட்டை செக்ஷன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நந்தகோபால் சுவரைப் பார்த்தபடி மூன்று வருடத்துக் காப்பிகளை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தார். புண்ணைவிட அது அதிகம் வலித்தது.

படுக்கச் சொல்லி, கணுக்காலில் இரத்த அழுத்தம் பார்த்து, காலுக்கு ஸ்கேனும் எடுத்த பிறகு டாக்டர் கேட்டார்: "உங்க ஊர்ல கிணறு உண்டா?"

"உண்டு. விளாத்திகுளம் பக்கம் மிளகா வத்தல் காடு. அண்ணன் பாக்காரு."

"மோட்டார் போட்டா தண்ணி மேல ஏறுது. மோட்டாரை நிறுத்துனதும் குழாய்ல ஏறுன தண்ணி திரும்பக் கீழ இறங்காம எது பிடிச்சு நிறுத்துது?"

"ஃபுட் வால்வு."

"அது போயிட்டா?"

"அத்தனையும் கீழ வந்துரும். ஏறவே ஏறாது."

"உங்க கால் நரம்புலயும் அந்த மாதிரி குட்டிக் குட்டி வால்வு இருக்கு. இரத்தம் மேல இதயத்துக்குப் போகணும். இருபத்தேழு வருசம் நின்னீங்க, அழுத்தம் தாங்காம வால்வு போயிருச்சு. ஏறுன இரத்தம் திரும்பக் கீழ இறங்கித் தேங்குது. அதான் நரம்பு சுருண்டு கிடக்கு, கால் வீங்குது, தோல் கறுக்குது, கடைசியில புண்ணா உடையுது. கெண்டைக்கால் சதைதான் உங்க மோட்டார். நடந்தா ஓடும். நின்னா நின்னுரும்."

மூன்று வருடத்தில் முதல் முறையாக ஒருவர் சொன்னது நந்தகோபாலுக்கு முழுதாகப் புரிந்தது.

"ஆறுமா டாக்டர்?"

"ஆறும். சொன்னபடி கேட்டீங்கன்னா மூணு நாலு மாசத்துல மூடிரும். கெட்டுப்போன நரம்பையும் லேசர் வச்சு அடைச்சிரலாம். கேக்கலைன்னா பெருசாகும், சீழ் பிடிக்கும், அப்புறம் நடக்கிறதே கஷ்டம்."

புண் கட்டும் அறையில் ஜெயஷீலா சிஸ்டர் காத்திருந்தார். முப்பது வருட அனுபவம், அதற்கேற்ற குரல். புண்ணைக் கழுவி, அதன் மேல் ஒட்டாத துணியை வைத்து, விரல் அடியிலிருந்து முழங்கால் வரை இழுத்து இழுத்து அழுத்தக்கட்டு போட்டார். கீழே இறுக்கமாக, மேலே போகப் போகச் சற்றே தளர்வாக. நந்தகோபால் தொழில்காரர் கண்ணோடு அந்த மடிப்புகளை ரசித்தார்.

"களிம்பு எதுவும் இல்லையா சிஸ்டர்?"

"இந்தக் கட்டுதான் மருந்து. மத்ததெல்லாம் இதுக்குத் துணைக்குத்தான். அடுத்த வாரம் நான் அவுக்கிற வரைக்கும் நீங்க அவுக்கக் கூடாது. நல்லா நடங்க. சும்மா நிக்காதீங்க. நேரம் கிடைக்கும்போதெல்லாம் படுத்து, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல தூக்கி வையுங்க. உக்காந்தாலும் காலைத் தொங்கப் போடாம நீட்டி வைக்கணும்."

திரும்பும் வழியில் நந்தகோபால் இரண்டு பொட்டலம் கடம்பூர் போளி வாங்கி, பஸ்ஸிலேயே ஒன்றை முடித்தார். செல்வலட்சுமி தடுக்கவில்லை.

சிக்கல் வீட்டில் ஆரம்பித்தது. ஒரே அறை வீடு. பாயை விரித்து, காலுக்கடியில் மூன்று தலையணை அடுக்கிவிட்டு, எந்தப் பக்கம் நீட்டுவது என்று யோசித்தார். கிழக்கே சாமி படங்கள். மேற்கே மாலை போட்ட அவர் அப்பாவின் படம். தெற்கே நீட்டினால் தலை வடக்கே போகும். அப்படிப் படுக்க அவருக்கு இன்னும் காலம் இருந்தது. மிச்சம் வடக்கு. வடக்குச் சுவரில் வெண்மதி ஜவுளி மாளிகையின் காலண்டர். அதில் சங்கிலிப்பாண்டி பன்னிரண்டு மாதமும் கைகூப்பியபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"முதலாளிக்கு நேராக் காலை நீட்டவா?"

"காலண்டரைக் கழட்டி உள்ள வையுங்க."

"வருசம் முடியட்டும் செல்வம். நல்லாருக்காது."

"வருசம் முடியட்டும்னு புண்ணு காத்துக்கிட்டு இருக்குமாக்கும்?"

நந்தகோபால், நாலு திசையிலும் காலுக்கு இடமில்லாததால் சுவரில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். மரியாதை காப்பாற்றப்பட்டது.

அடுத்த சிக்கல் கடையில். கட்டின் தடிமனுக்கு மெரூன் பேண்ட் கெண்டைக்காலில் பிதுங்கிக்கொண்டு நின்றது. இசக்கிமுருகன் உற்றுப் பார்த்தான். மறுநாளிலிருந்து நந்தகோபால் ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் கடைக்குக் கிளம்பும்போது கட்டை அவிழ்த்து வைத்துவிடுவது. வீடு திரும்பியதும் தானே சுற்றிக்கொள்வது. அவிழ்த்த துணி கசங்கிக் கிடப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. இருபத்தேழு வருடம் மடிப்புக் கலையாத வெள்ளையை விற்றவர். கையோடு அதை அலசி, லேசாகக் கஞ்சி போட்டு, காய்ந்ததும் சூடாக இஸ்திரியும் போட்டார்.

வாராவாரம் வரச் சொன்ன ஆஸ்பத்திரிக்கு, முகூர்த்த மாதம் என்று சொல்லி ஐந்தாவது வாரம்தான் போனார். ஜெயஷீலா சிஸ்டர் கட்டைத் தொட்டுப் பார்த்தார். விரலால் சுண்டினார். அட்டையைத் தட்டியது போல் சத்தம் வந்தது.

"அண்ணாச்சி, இது என்ன, இழுத்தா இழுபட மாட்டேங்குது? விறைச்சுக்கிட்டு நிக்குது?"

"கஞ்சி போட்டிருக்கேன் சிஸ்டர்."

"என்ன போட்டிருக்கீங்க?"

"கஞ்சி. லேசாத்தான். இஸ்திரியும் போட்டுட்டேன். கசங்கலா இருந்தா உங்களுக்கு மரியாதை இல்லையே."

சிஸ்டர் முப்பது வருடத்தில் பலவற்றைப் பார்த்தவர். இதைப் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இழுவைதானய்யா இதோட உயிரு. அதைக் கஞ்சியில கொன்னுட்டு, சட்டை காலர் மாதிரி கொண்டாந்திருக்கீங்க. சரி, பகல்ல கட்டியிருந்தீங்களா?"

கூட வந்திருந்த செல்வலட்சுமி சொன்னாள்: "கடைக்குப் போகும்போது அவுத்து வச்சிருவாவ. வீட்டுக்கு வந்து கட்டுவாவ."

"நிக்கும்போது அவுத்துட்டுப் படுக்கும்போது கட்டுறீங்க. மழையில குடையை மடக்கி வச்சிட்டு, வீட்டுக்குள்ள வந்து விரிக்கிற கதைதான்." சிஸ்டர் போன தடவை புண்ணின் மேல் வைத்து வரைந்திருந்த கண்ணாடித்தாளை எடுத்து வந்து மறுபடி வைத்தார். கோட்டுக்கு வெளியே சுற்றிலும் அரை விரல்கடை புண் தெரிந்தது. பாதி எலுமிச்சை என்ற கணக்கு போய் உளுந்தவடைக் கணக்கு வந்திருந்தது.

நந்தகோபால் மெல்லச் சொன்னார்: "கடையில தெரிஞ்சா குடோனுக்கு அனுப்பிருவாங்க சிஸ்டர். அங்கன மாடி ஏறிப் பேல் தூக்கணும். என்னால முடியாது. கவுண்டர் போச்சுன்னா எனக்கு வேற வேலை தெரியாது."

"கால் போச்சுன்னா?" என்றார் சிஸ்டர்.

செல்வலட்சுமி புது அழுத்தக்கட்டு ஏறுவதைக் கண் எடுக்காமல் பார்த்தாள்.

அந்த வாரச் சனிக்கிழமை. மறுநாள் முகூர்த்தம். பதினொரு மணிக்கெல்லாம் வெண்மதியில் கால் வைக்க இடமில்லை. நந்தகோபால் காலையில் வழக்கம் போலக் கட்டை அவிழ்க்கப் போனபோது, கட்டின் ஓரத்தைச் செல்வலட்சுமி ஊசி நூலால் தைத்து வைத்திருந்தாள். பிரிக்க நேரமில்லாமல் அப்படியே வந்திருந்தார். பேண்ட் பிதுங்கியது. விளாத்திகுளத்து வத்தல் விவசாயி சுடலைமணி, மகள் கல்யாணத்துக்குச் சொந்தங்களுக்குக் கொடுக்கப் பன்னிரண்டு வேட்டி வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தார். ஆறாவது வேட்டியை விரித்துக் காட்டும்போது நந்தகோபாலுக்குப் பக்கவாட்டில் ஒரு குரல் கேட்டது.

"அண்ணாச்சி, எனக்கும் ஒரு வேட்டி எடுத்துப் போடுங்க."

நிமிர்ந்தார். கையில் பையோடு செல்வலட்சுமி. இருபத்தேழு வருடத்தில் அவள் அந்தக் கடைக்குள் வந்தது அன்றுதான்.

"ஏட்டி, இங்கன எதுக்கு வந்த?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கஸ்டமரை ஏட்டின்னு சொல்லலாமா? முதலாளி காதுல விழுந்தா என்ன ஆகும்?"

பழக்கம் என்பது பொல்லாதது. அவர் வாய் தானாகக் கேட்டது: "என்ன மாதிரி வேட்டி வேணும்?"

"கால்ல புண்ணு இருக்கவருக்கு." அவள் குரலை இறக்கவே இல்லை. "புண்ணு வெளிய தெரியக் கூடாது. வாடை வரக் கூடாது. முதலாளிக்கு மூணு வருசமானாலும் தெரியக் கூடாது. அப்படி ஒண்ணு இருந்தாக் காட்டுங்க."

சட்டைப் பிரிவில் பேச்சு நின்றது. சேலைப் பிரிவிலும் நின்றது. கல்லாவிலிருந்து சங்கிலிப்பாண்டி எழுந்து வந்தார்.

"என்னம்மா, கஸ்டமருக்கு என்ன குறை?" என்றவர், ஆளை அடையாளம் கண்டு, "நீ நந்தகோபாலு வீட்டுக்காரில்லா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. என்னங்க, அந்தப் பேண்டைக் கொஞ்சம் தூக்குங்க."

நந்தகோபால் ஓடிவிடலாமா என்று யோசித்தார். ஓடும் நிலையில் கால் இல்லை. பேண்டைத் தூக்கினார். முழங்கால் வரை கட்டு. கட்டின் மேல், கணுக்காலுக்கு நேராக, ஈரமாக ஒரு வட்டம். அதற்குக் கீழே வீங்கிய பாதம்.

"எத்தனை நாளா இது?"

"மூணு வருசம், அண்ணாச்சி."

முதலாளி வேட்டி அலமாரிப் பக்கம் திரும்பி, புகைந்துகொண்டிருந்த இரண்டு ஊதுபத்திகளைப் பார்த்தார். அவருக்குக் கணக்குப் புரிந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாவே?"

"ரத்தினம் அண்ணன் சொன்னாரு, அண்ணாச்சி."

சங்கிலிப்பாண்டி மேல்துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"சரி, லீவு எடுத்துக்கிடட்டும்."

"லீவு வேண்டாம் அண்ணாச்சி. டாக்டர் வேலை பாக்க வேண்டாம்னு சொல்லல. நின்ன மேனிக்கே நிக்கக் கூடாதுங்காவ. உக்காந்து காலைத் தூக்கி நீட்டி வச்சுக்கிட்டு வேட்டி காட்டலாம். அரைமணிக்கு ஒருக்க எந்திரிச்சு நாலு நடை நடக்கணும். அம்புட்டுதான்."

"காலை நீட்டிக்கிட்டா? கஸ்டமர் முன்னாலயா?" முதலாளி உண்மையிலேயே திடுக்கிட்டார். "அவிய என்னம்மா நினைப்பாவ?"

"நான் இங்கனதான் நிக்கேன்" என்றார் சுடலைமணி. எல்லாரும் அவரை மறந்திருந்தார்கள். "எங்கிட்ட கேளுங்களேன்."

யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"எனக்குப் பன்னெண்டு வேட்டி வேணும். கரை நேரா இருக்கணும், துவைச்சா சுருங்கக் கூடாது. அவரு கால் எந்தப் பக்கம் இருந்தா எனக்கென்ன? கல்யாணத்துல வேட்டி கட்டப் போறது எங்க மச்சான்மாரு, அவரு காலா? புண்ணுக்காலோட ஒரு மனுசன் நமக்காக நிக்கான்னு தெரிஞ்சுக்கிட்டு வேட்டி எடுத்தா, அதைக் கட்டுறவனுக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்."

வெண்மதி ஜவுளி மாளிகை தொடங்கி நாற்பது வருடம் ஆகியிருந்தது. உட்கார்ந்து விற்றால் கஸ்டமர் என்ன நினைப்பார் என்று கடையில் எல்லாருக்கும் தெரியும். அதை ஒரு கஸ்டமரிடம் கேட்டுப் பார்த்தவர் மட்டும் ஒருவருமில்லை.

சங்கிலிப்பாண்டி போய், வேட்டிப் பெட்டிகளைத் தன் கையால் கீழே இறக்கி, இரண்டு ஸ்டூல்களை விடுவித்தார். பாலித்தீன் உறையைக் கிழிக்க அவருக்கே ஐந்து நிமிடம் ஆனது. ஒன்றில் நந்தகோபாலை உட்கார வைத்தார். இன்னொன்றை முன்னால் போட்டார். நந்தகோபால் காலைத் தூக்கியபடி திகைத்தார். பின்பக்கம் மகாலட்சுமி படம், எதிரே சுடலைமணி, வலப்பக்கம் சேலைப் பிரிவுப் பெண்கள், இடப்பக்கம் கல்லா. கால் அந்தரத்தில் நின்றது.

"கல்லாப் பக்கம் நீட்டும்வே" என்றார் முதலாளி. "நான்தான அங்கன உக்காந்திருக்கேன். இருபத்தேழு வருசம் நிக்க வச்சவனும் நான்தான. எனக்கு நேராவே நீட்டும்."

நந்தகோபால் நீட்டினார். முதல் பத்து நிமிடம் கண்கள் கலங்கி வேட்டிக் கரையே தெரியவில்லை. ஆனாலும் சுடலைமணி பன்னிரண்டுக்குப் பதினான்கு வேட்டி எடுத்துக்கொண்டு போனார்.

மறுவாரமே மற்ற ஆறு ஸ்டூல்களும் விடுதலை அடைந்தன. ரத்தினத்தின் வீட்டுக்கு முதலாளி நேரில் போய் வந்தார். அங்கே என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. ரத்தினம் அடுத்த முதல் தேதியிலிருந்து பில் போடும் மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

வாராவாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடித்தாள் வைக்கப்பட்டது. வடை மறுபடி எலுமிச்சையானது, எலுமிச்சை புளியங்கொட்டையானது. நடுவில் லேசர் வைத்துக் கெட்ட நரம்பை அடைத்தார்கள். அன்றைக்கே நடந்து வீட்டுக்கு வந்தார். ஐந்தாவது மாதம் ஒரு புதன்கிழமை ஜெயஷீலா சிஸ்டர் கட்டை அவிழ்த்து, துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூடிருச்சு" என்றார். பிறகு முழங்கால் உயர அழுத்தக் காலுறை ஒன்றை நீட்டி, "மூடிருச்சுன்னு இதை விட்டுறாதீங்க. திரும்ப வர்ற புண்ணு இது. காலையில கட்டில்ல இருந்து இறங்கறதுக்கு முன்னாலயே மாட்டிரணும்" என்றார். கூடவே, "கஞ்சி போடக் கூடாது" என்றும் எழுத்தில் கொடுத்தார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு வேளையில், இசக்கிமுருகன் பெட்டி அடுக்கும் அறைக்கு நந்தகோபாலைக் கையைப் பிடித்து அழைத்துப்போனான். கதவைச் சாத்தினான். வலது பேண்டை முழங்கால் வரை சுருட்டினான். கெண்டைக்காலில் பச்சை நரம்புகள் கயிறு போல முறுக்கிக்கொண்டு நின்றன. கணுக்காலைச் சுற்றித் தோல் லேசாகக் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"அண்ணாச்சி, நீங்க அனுபவப்பட்டவிய. இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க. சக்கரையா இருக்குமா?"

நந்தகோபாலுக்குச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. அவருக்கு இப்போது நிறையத் தெரியும். ஆனால் சொல்லவில்லை.

"ஏலே, எங்கிட்ட எதுக்குலே காட்டுத? நான் வேட்டி விக்கிறவன். நீ சட்டை விக்கிறவன். நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு காலுக்கு வைத்தியம் பாத்த லட்சணம்தான் தெரியுமே! இன்னைக்கே போய் டாக்டர்ட்ட காட்டு."

"இன்னைக்குக் கூட்டமா இருக்கு. புண்ணு ஒண்ணும் வரலையே அண்ணாச்சி. வந்தாப் பாத்துக்கிடலாம்."

"வாரதுக்கு முன்னாலதான்லே போகணும். நரம்பு சுருண்டு, சாயங்காலம் கால் வீங்கி, தோல் கறுத்துச்சுன்னா கால் நம்மகிட்ட ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம். நான் கேக்கல. மூணு வருசம் மறைச்சேன். அஞ்சு மாசத்துல ஆறுற புண்ணு அது. மிச்சம் அத்தனை நாளும் நான் பட்டது வியாதியால இல்ல, வெக்கத்தால. நோவு வந்தா வெக்கப்படக் கூடாது, காட்டணும். அதைவிடப் பெரிய மருந்து டாக்டர்கிட்டயும் கிடையாது."

இசக்கிமுருகன் பேண்டை இறக்கப் போனான். பாதியில் நிறுத்தினான். சுருட்டிய பேண்டோடு கதவைத் திறந்து, சாப்பிட்டு முடித்துக் கூடியிருந்த எல்லாரும் பார்க்க, நேராகக் கல்லாவுக்கு நடந்தான்.

"அண்ணாச்சி, அரைநாள் லீவு வேணும். கால் நரம்பு சுருண்டு கிடக்கு, ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

வெண்மதி ஜவுளி மாளிகையில் ஒருவர் உண்மையான காரணத்தைச் சொல்லி லீவு கேட்டது அன்றுதான் முதல் தடவை. சங்கிலிப்பாண்டி கல்லாவிலிருந்து எழுந்து வந்து, குனிந்து அந்தக் காலைப் பார்த்தார்.

"அரைநாள் எதுக்குலே? முழுநாளாப் போட்டுட்டுப் போ" என்றார்.